வாந்திபேதியும் ஒரு டம்ளர் உப்புத்தண்ணீரும்: கோமா முகாம்கள், 1994

இங்கே நான் சொல்லப்போகும் கோமா ஓர் ஊர். அன்றைக்கு ஜயீர், இன்றைக்கு காங்கோ ஜனநாயகக் குடியரசு என்று பெயருள்ள நாட்டின் கிழக்கு ஓரத்தில், கிவு ஏரிக்கரையில், நியிரகோங்கோ எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ருவாண்டா. 1994 ஜூலை 14 முதல் 18 வரை, ஐந்தே நாளில், 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் பேர் அந்த எல்லையை நடந்தே தாண்டி கோமாவுக்குள் வந்தார்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்களில் ஏறக்குறைய 50,000 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் வாந்திபேதியிலும் அதைத் தொடர்ந்து வந்த ரத்தபேதியிலும்.

வாந்திபேதி, அதாவது காலரா, வந்தவரை எப்படிப் பிழைக்க வைப்பது என்பது அந்த வருஷத்தில் யாருக்கும் புதிர் இல்லை. வைத்தியம் தெரியும், மருந்து மலிவு, உலகத்தின் பெரிய உதவி அமைப்புகள் எல்லாம் ஊருக்குள் இருந்தன, சாமான்களோடு விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன, கேமராக்களுக்கும் குறைவில்லை. அப்படியும் ஏன் இத்தனை பேர்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாக விடவில்லை. பதில் தேடிப் போனால் கோமாவோடு நிற்க முடியாது, 23 வருஷம் பின்னால், நம் நாட்டின் வங்காள எல்லைக்கே வர வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1994 ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்து சுமார் 100 நாட்களில், அந்நாட்டின் சிறுபான்மை இனமான டுட்ஸி மக்களும், அவர்களுக்கு எதிரான கொலைக்கு உடன்படாத பெரும்பான்மை ஹுட்டு இனத்தவருமாக, 8 லட்சம் பேர் வரை ஹுட்டு தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் டுட்ஸி கிளர்ச்சிப் படை தலைநகர் கிகாலியைப் பிடித்ததும், பழிவாங்குவார்கள் என்ற பயத்திலும், தோற்ற அரசின் ஆட்கள் கிளப்பிவிட்டதிலும் ஹுட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். கொலை செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், கொலையோடு சம்பந்தமே இல்லாத கிழவிகளும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். காலரா கிருமி இதையெல்லாம் பார்த்து வருவதில்லை.

ஒரு டம்ளர்

கோமாவைச் சுற்றியிருக்கும் நிலம் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. கடப்பாறை போட்டாலும் இறங்காது. கக்கூஸுக்குக் குழி தோண்ட முடியவில்லை, பிணத்தைப் புதைக்கவும் குழி தோண்ட முடியவில்லை. செத்தவர்களைப் பாயில் சுருட்டிச் சாலை ஓரத்தில் கிடத்திவிட்டுப் போனார்கள், லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின, பிரெஞ்சு ராணுவத்தினர் புல்டோசர் வைத்துப் பெருங்குழிகள் பறித்தார்கள். ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 14 வரை அப்படிச் சேகரித்து எண்ணிய உடல்கள் மட்டும் 48,347. இறந்தவர்களின் எண்ணிக்கை நமக்குக் கிடைத்ததே இப்படித்தான், மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து வரவில்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் எந்த சிகிச்சை இடத்துக்கும் போய்ச் சேராமலே இறந்தார்கள்.

அப்புறம் தண்ணீர். கிபும்பா முகாம் ஊருக்கு வடக்கே தூரத்தில் மேட்டில் இருந்தது, அங்கே ஊற்றும் இல்லை, ஓடையும் இல்லை, லாரியில் வந்தால்தான் தண்ணீர். முகுங்கா முகாம் ஏரிக்குப் பக்கம், அங்கே ஏரித் தண்ணீர் இருந்தது, ஆனால் லட்சக்கணக்கானவர்கள் அதே கரையில்தான் குளித்தார்கள், கால் கழுவினார்கள், குடிக்கவும் மொண்டார்கள். முதல் வாரத்தில் சுத்திகரித்த தண்ணீர் என்று ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது சராசரியாக 0.2 லிட்டர். வீட்டில் காபி குடிக்கிற ஒரு டம்ளரை எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். குடிக்க, சமைக்க, குழந்தைக்குக் கழுவிவிட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு டம்ளர்.

ஜூலை 20 அன்று முதல் காலரா நோயாளி அடையாளம் காணப்பட்டார். ஒரே வாரத்தில், 26ஆம் தேதி வாக்கில், ஒரு நாளைக்கு 6,000 பேர் வரை புதிதாக விழுந்தார்கள். மொத்தத்தில் 58,000 முதல் 80,000 பேர் வரை காலரா கண்டிருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். அது அடங்கும்போது ஷிகெல்லா ரத்தபேதி கிளம்பியது, அந்தக் கிருமிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் பல வேலை செய்யவில்லை.

பாயருகே நடந்தது

காலரா எப்படிக் கொல்கிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் கோமாவில் எங்கே பிசகியது என்று புரியும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி பேதி போகும். வலி பெரிதாக இருக்காது, காய்ச்சலும் அநேகமாக இருக்காது, ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வெளியேறும், கடுமையாக இருந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும். காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலைக்குள் கண் குழிவிழுந்து, குரல் கம்மி, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும், மணிக்கட்டில் நாடி கிடைக்காது. 50 கிலோ ஆள் என்றால் அந்த நேரத்தில் ஏறக்குறைய 5 லிட்டரை இழந்திருப்பார்.

போனதைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். நாடி விழுந்தவருக்கு நரம்பு வழியாக, அதுவும் வேகமாக. அந்த 50 கிலோ ஆளுக்கு முதல் அரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர், அடுத்த இரண்டரை மணி நேரத்தில் மூன்றரை லிட்டர். ரிங்கர் லாக்டேட் என்கிற திரவம்தான் இதற்குச் சரி, அதில் உப்பும் பொட்டாசியமும் உடம்பின் அமிலத்தை மட்டுப்படுத்தும் சரக்கும் இருக்கின்றன. வெறும் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், பாட்டில் இதற்கு உதவாது, அதில் இழந்த உப்பு எதுவுமே இல்லை. கண் திறந்து விழுங்க முடிகிற நிலைக்கு வந்ததும் வாய் வழியாக உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை ஆரம்பித்துவிட வேண்டும், பேதி நிற்கும்வரை அது நிற்கக் கூடாது. இதை ஒழுங்காகச் செய்கிற இடத்தில் 100 பேரில் ஒருவர்கூட இறப்பது அரிது.

கோமாவில் ஒரு சிகிச்சை முகாமில் ஒரே நாளில் பதிவான இறப்பு விகிதம் 48 சதவீதம். பாதிப் பேர். அத்தனை பேரும் ஏதோ ஒரு கூடாரத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள்.

என்ன நடந்தது என்பதை வங்கதேசத்திலிருந்து போன ஒரு மருத்துவக் குழு பிறகு எழுதி வைத்தது. டாக்டர் ஏ.கே. சித்திக் தலைமையில் டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள், கட்டுரை 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. திரவம் ஏற்றிய வேகம் போதவில்லை, சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார்கள். தப்பான திரவங்களை ஏற்றியிருக்கிறார்கள். வாய்வழிக் கரைசலைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. கடுமையான காலராவைக் கண்ணால் பார்த்துக் கையாண்ட அனுபவம் பலருக்கு இல்லை. இந்த நான்கையும் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏனென்றால் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. அங்கே வந்தவர்கள் நல்லவர்கள், ஊர் உலகத்தை விட்டுவிட்டு உதவ வந்தவர்கள், தூங்காமல் வேலை பார்த்தவர்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கள் ஊரில் காலராவே இல்லாத ஒரு டாக்டருக்கு, ஒரு ஆளுக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர் ஏற்றுவது என்பது கை நடுங்க வைக்கிற காரியம், அவர் படித்த பாடம் எல்லாம் மெதுவாகப் போ என்றுதான் சொல்லியிருக்கும்.

சித்திக்கின் குழு கோமா நகரில் கடிண்டோ என்ற இடத்தில் ஒரு தற்காலிக சிகிச்சை மையத்தையும் எடுத்து நடத்தியது. அங்கேதான் இறப்பு விகிதம் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது. நோயாளிகள் அதே அகதிகள்தான், கிருமியும் அதேதான். கைதான் வேறு.

அந்தக் கைகள் எங்கிருந்து பழகி வந்தன?

பொன்காவ், 1971

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், ராணுவம் வேட்டையைத் தொடங்கியது. அந்த வருஷ முடிவுக்குள் சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள், அதில் பெரும்பகுதி மேற்கு வங்கத்துக்கு. மழைக்காலம் வேறு. கிடைத்த பள்ளிக்கூடம், பெரிய சிமெண்ட் குழாய், மரத்தடி என்று எங்கெங்கோ தங்கியவர்களுக்குள் காலரா புகுந்தது.

எல்லையோரத்தில் பொன்காவ் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊர் மருத்துவமனைக்கு ஜூன் கடைசியில் ஒரு குழு போய்ச் சேர்ந்தது, தலைமை டாக்டர் திலீப் மகலனாபிஸ். குழந்தை மருத்துவர், கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் வேலை. அவர் பிறந்ததே 1934இல் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கிஷோர்கஞ்சில்தான், ஆக வந்து கிடந்தவர்கள் அவர் ஊர்க்காரர்கள்.

இரண்டு அறை. தரை முழுக்க நோயாளிகள். சலைன் ஏற்ற வேண்டுமென்றால் அவர்களுடைய வாந்தியிலும் பேதியிலும் முட்டிபோட்டு உட்கார்ந்துதான் நரம்பைத் தேட வேண்டியிருந்தது என்று பல வருஷம் கழித்து ஒரு பேட்டியில் அவர் சொல்லியிருக்கிறார். குழுவில் நரம்பில் ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. வந்த 48 மணி நேரத்துக்குள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கையில் ஒன்று இருந்தது. காலராவில் குடல் உப்பைத் தனியாக உறிஞ்சாது. ஆனால் கூடவே குளுக்கோஸ் இருந்தால், சர்க்கரையின் கையைப் பிடித்துக்கொண்டு உப்பு உள்ளே போகும், உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் இந்த வழியை விளக்கினார், 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடமே இதை நிரூபித்தார்கள். ஆனால் அதெல்லாம் ஆராய்ச்சி வார்டில், ஒவ்வொரு சொட்டையும் அளந்து, டாக்டர் பக்கத்தில் நின்று செய்தது. ஓர் அகதி முகாமில், பயிற்சி இல்லாத சொந்தக்காரர்களின் கையில் டம்ளரைக் கொடுத்து, நீயே கொடு என்று விடுவதை யாரும் அந்த அளவில் செய்து பார்த்ததில்லை.

மகலனாபிஸ் விட்டார். கல்கத்தாவில் ஆய்வு மையத்தின் நூலக அறையையே பட்டறை ஆக்கினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு, இந்தக் கணக்கில் எடைபோட்டு, பாலிதீன் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் சூடுவைத்து வாயை ஒட்டினார்கள். சரக்குக்கு ஆன செலவு லிட்டருக்கு 11 பைசா. பொன்காவில் பெரிய டிரம்களில் அதைக் கரைத்து வைத்தார்கள், நோயாளியின் அம்மாவோ அண்ணனோ மொண்டு வந்து குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு.

ஜனங்களுக்குச் சலைன் என்றால் பாட்டிலும் ஊசியும்தான், அதில்தான் நம்பிக்கை. அதனால் இதற்கு வாய்வழி சலைன் என்றே பெயர் வைத்தார்கள். இதை நான் ஒரு பெரிய புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். வங்கதேசத்தில் இன்றைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குக் கடையில் கேட்கிற பெயர் சாப்பிடுகிற சலைன் என்ற பொருளில்தான் இருக்கிறது.

அந்த முகாம்களில் அதுவரை காலரா கண்டவர்களில் 30 சதவீதம் வரை இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பொன்காவில் சிகிச்சை பெற்ற 3,700 சொச்சம் பேரில் இறந்தது 3.6 சதவீதம்.

நம்ப மறுத்தவர்கள் நிறைய. கட்டுரையே 1973இல்தான் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த தீமன் பருவா நேரில் வந்து பார்த்து இதை விடாமல் எடுத்துச் சொன்னவர், 1978இல் அந்த நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையே தொடங்கியது.

கொஞ்சம் என் கதை. கிராமத்து அம்மாக்களுக்கு இந்தக் கரைசலைக் கலக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் சில வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பாட்டி கேட்பார்: "ஏம்மா, அதுவே தண்ணியாப் போவுது, மேல தண்ணி குடுத்தா இன்னும் போவாதா?" இன்னொருவர், "இதெல்லாம் எதுக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிட்டா சரியாப் போயிடும்ல" என்பார். நியாயமான கேள்விகள், நான் ஒரு தடவையும் சலித்துக்கொண்டதில்லை. அந்தப் பாட்டிகளின் சந்தேகம் வெவ்வேறு உருவத்தில் பெரிய டாக்டர்களிடமும் இருந்தது என்பதை மகலனாபிஸின் கதையைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நடுவில் 23 வருஷம்

1971 டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது, அகதிகள் ஊர் திரும்பினார்கள். (அதே டிசம்பரில் பாரிசில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பிறந்தது. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் வேலை பார்த்த டாக்டர்களும், 1970 போலா புயலுக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானுக்கு உதவ முன்வந்தவர்களும் சேர்ந்து தொடங்கியது.) டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடம் 1978இல் சர்வதேச மையமாக மாறியது. அங்கே நடுவில் ஓட்டை வைத்த கட்டில், கீழே வாளி, போகிற பேதியை அளந்து அதே அளவு திருப்பிக் கொடுப்பது, இது தினசரி வேலை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கூட்டம் நிரம்பி வழியும். அங்கே பயிற்சி எடுத்த நர்ஸுக்குக் குழிவிழுந்த கண்ணைப் பார்த்ததுமே எத்தனை லிட்டர் என்று தெரியும்.

இன்னொரு பக்கம் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் 1980 முதல் பெண்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரல் பிடி உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் போதாது, ஒரு மாதம் கழித்து வேறு ஆள் போய் அந்த அம்மாவைக் கேட்பார், அவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். பத்து வருஷத்தில் ஒரு கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். என் வேலையில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் என் சம்பளம் எவ்வளவு வந்திருக்கும் என்று உண்மையாகவே யோசித்துப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகுதான் வகுப்பில் நான் பேசுவதைக் குறைத்து அவர்களைக் கலக்க விட ஆரம்பித்தேன்.

ஆக 1971இல் வாந்திபேதியில் கிடந்து உதவிக்குக் காத்திருந்த ஜனங்களின் நாடு, 1994இல் கோமாவுக்கு டாக்டர்களை அனுப்பியது.

வைத்தியம் மட்டும் போதுமா

போதாது. கோமாவில் எல்லா மையங்களும் கடிண்டோ போலவே நடந்திருந்தாலும், மையத்துக்கு வந்து சேராதவர்களை அது காப்பாற்றியிருக்காது. கரைசல் பொட்டலம் கையில் இருந்தாலும் கரைக்க ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும், முதல் வாரத்தில் கிடைத்ததோ ஒரு டம்ளர். ஜூலைக் கடைசியில் அமெரிக்க ராணுவம் ஏரியிலிருந்து இறைத்துச் சுத்திகரிக்கும் இயந்திரங்களை இறக்கியது, லாரிகளும் கூடின, ஆனால் அதற்குள் காலரா உச்சத்தைத் தொட்டுவிட்டது. என் கணக்கில் கோமாவின் முதல் தவறு இதுதான், மருந்துப் பெட்டிக்கு முன்னால் தண்ணீர் லாரி வந்திருக்க வேண்டும், கரைசலைத் தலையில் சுமந்துகொண்டு குடிசை குடிசையாகப் போக அந்த அகதிகளிலேயே ஆட்களைப் பிடித்திருக்க வேண்டும்.

காலரா அடங்கிய பிறகு வேறொரு பிரச்சினை தலைதூக்கியது. இனப்படுகொலை செய்த அதே தலைவர்களும் ஆயுதக் குழுக்களும் முகாம்களைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து, அரிசி பருப்பு விநியோகம்வரை கட்டுப்படுத்தினார்கள். உதவி அவர்களைத்தான் வளர்க்கிறது என்று சொல்லி எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுப் பிரிவு அந்த வருஷக் கடைசியில் வெளியேறியது, வேறு பல அமைப்புகள் இருந்தன. யார் செய்தது சரி என்று என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. ஜூலையில் வெளியேறியிருந்தால் மன்னிக்கவே முடியாது என்பது மட்டும் எனக்கு உறுதி.

ருவாண்டா உதவிப் பணிகளைப் பற்றிப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய பெரிய மதிப்பாய்வு 1996இல் வந்தது. அதையொட்டி 1997இல் ஸ்ஃபியர் என்ற பெயரில் உதவி அமைப்புகள் தங்களுக்குத் தாங்களே குறைந்தபட்ச அளவுகளை எழுத ஆரம்பித்தன. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கக்கூஸ் என்று. முகாமில் நாளொன்றுக்கு 10,000 பேருக்கு ஒருவர் இறந்தாலே அவசரநிலை என்பது இத்துறையில் புழங்கும் அளவு. கோமாவில் அந்த முதல் மாதத்தில் நாளொன்றுக்கு இறந்தது 10,000 பேருக்கு 20 முதல் 35.

மறுபடியும் எல்லை

இன்னொரு 23 வருஷம் கழித்து, 2017 ஆகஸ்டில், மியான்மரிலிருந்து ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். சில மாதங்களில் 7 லட்சம் பேர் வரை. காக்ஸ் பஜார் பக்கம் மண்மேடுகளை வெட்டி மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் குடிசை, மழை, வழுக்கும் சேறு, கிணற்றுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ். காலரா வெடிப்பதற்கு வேண்டிய எல்லாம் இருந்தது.

இந்தத் தடவை அது வருவதற்கு முன்னாலேயே போனார்கள். செப்டம்பரில் தடுப்புமருந்து கேட்டு விண்ணப்பம், 9 லட்சம் டோஸ் வந்து இறங்கியது, அக்டோபர் 10 அன்று கொடுக்க ஆரம்பித்தார்கள். காலரா தடுப்புமருந்து ஊசி இல்லை, சின்னக் குப்பியில் வரும், வாயில் ஊற்றினால் போதும். முதல் சுற்றிலேயே 7 லட்சம் பேருக்கு மேல் குடித்தார்கள். டாக்கா மையத்துக்காரர்கள் இதிலும் இருந்தார்கள், முகாமுக்குள் வயிற்றுப்போக்கு சிகிச்சை மையங்களையும் திறந்து வைத்தார்கள்.

எதிர்பார்த்து பயந்த பெரிய காலரா அங்கே வரவில்லை. நவம்பரில் தொண்டை அடைப்பான் வந்தது, டிப்தீரியா. இந்தத் தலைமுறை டாக்டர்களில் பலர் அதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள். மறுபடியும், பார்த்துப் பழகிய கைகளைத் தேட வேண்டியிருந்தது.